கொட்டா காலேஜ் வாசல்

அத்தியாயம் பதினேழு

கஸ்தூரி கையில் ஒரு துணிப்பையோடு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றாள் அல்லவா, அங்கேதான் இருக்கிறோம். "நாலு நாள் இருந்துட்டுப் போறேங்க்கா" என்றாள். குருவிநத்தத்திலிருந்து செலியமேட்டுக்கு என்ன பெரிய தூரம்? சைக்கிளை மிதித்தால் வேர்ப்பதற்குள் வந்துவிடலாம். அந்தத் தூரத்துக்கு யாராவது மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு வருவார்களா?

அக்கா இளவரசிக்கும் அது உறுத்தியது. தை மாதம்தான் தங்கச்சி தன் ஒரே மகள் வெண்ணிலாவைக் கட்டிக் கொடுத்தாள். வீடு வெறிச்சென்று இருக்கும், அதனால் வந்திருப்பாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். உட்காரவைத்து விசாரிக்க அவளுக்கு நேரம் இல்லை. பங்குனி பிறந்து, மார்ச் முடியப் போகிறது. அரசாங்க ஆபீசில் வேலை பார்ப்பவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், மார்ச் மாதம் என்றால் என்னவென்று சொல்வார்கள்.

இளவரசி பல்கலைக்கழக விரிவு மையத்தில் சூப்பரின்டெண்டென்ட். மையம் என்பதெல்லாம் காகிதத்தில். ஊரில் அதற்குப் பெயர் கொட்டா காலேஜ். ஆரம்பித்தபோது வயல் நடுவே ஒரு ஷீட் கொட்டகை, அவ்வளவுதான். பிறகு ஒவ்வொரு கட்டடமாக வந்து, பஸ் உள்ளேயே நுழைந்து திரும்பும் அளவுக்கு வளாகம் ஆனது. பெயர் மட்டும் மாறவில்லை.

இப்போது கட்டிக்கொண்டிருப்பது பெண்கள் ஆஸ்டல். பாதிப் பணம் அரசு மானியம், பாதிப் பணம் வங்கிக் கடன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது என்ன? "வங்கி போடட்டும், நாங்க அடுத்த தவணை விடுறோம்" என்றது அரசு. "அரசு போடட்டும், நாங்க விடுறோம்" என்றது வங்கி. நீங்க உட்காருங்க, நீங்க உட்காருங்க என்று இரண்டு சம்பந்திகள் பந்தியில் நின்றுகொண்டே இருக்க, இலையில் சோறு ஆறிப்போன கதைதான். இரண்டு மழைக்காலம் தளத்தின் மேல் ஆடு மேய்ந்தது. தூண் கம்பியெல்லாம் துருப்பிடித்தது.

ஒருவழியாகப் போன வருஷக் கடைசியில் அரசு இறங்கி வந்தது. சுவர், வாசல் தலைக்கு மேல் போடும் லிண்டல் மட்டத்துக்கு எழும்பியது. இன்றைக்கு மத்தியானம் வங்கியின் இன்ஜினியர் வந்து பார்க்கப் போகிறார். பிளான்படி இருக்கிறது என்று அவர் எழுதிக் கொடுத்தால் வங்கி தன் பங்கை விடும். அதைக் காட்டினால் அரசின் கடைசித் தவணையும் மார்ச்சுக்குள் வந்துவிடும். எழுதாவிட்டால் மானியம் திரும்பிப் போகும். திரும்பிப் போன மானியம் மறுபடி வந்ததாக இளவரசி தன் சர்வீஸில் ஒரு கதைகூடக் கேட்டதில்லை.

காலையில் ஸ்கூட்டியை எடுத்தபோது கஸ்தூரி, "நானும் வர்றேங்க்கா" என்று பின்னால் ஏறிக்கொண்டாள். கரும்பு லாரிகள் வழியை அடைத்துக்கொண்டு போயின. ஒரு லாரியிலிருந்து தொங்கிய கரும்பைக் கஸ்தூரி எட்டி இழுக்கப் பார்த்தாள்.

"சும்மா இருடி! வயசு அம்பது ஆவுது!"

"கரும்புக்குத் தெரியுமா என் வயசு?"

இளவரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே சாலையில் ஒரே சைக்கிளில் இருவரும் காலேஜுக்குப் போன நாளில் இவள் இப்படித்தான் பின்னால் உட்கார்ந்து கரும்பு உருவினாள். ஒரே கொட்டகையில் எல்லா வருஷமும் சேர்ந்து உட்காரும் வகுப்பில் சேவியர் சார் கணக்குப்பதிவியல் நடத்திக்கொண்டிருக்க, பெஞ்சுக்கு அடியில் கரும்பு கடிக்கிற சத்தம் கேட்கும்.

வளாகத்துக்குள் நுழைந்ததும் சிரிப்பு நின்றது.

பழைய கொட்டகை இல்லை. அது தெரிந்ததுதான். ஆஸ்டல் வேலைக்கு இன்னும் இடம் வேண்டும் என்று அதைப் பிரிக்கிற உத்தரவில் ஆபீஸ் சார்பில் கையெழுத்துப் போட்டதே அவள்தான். பிரிக்கிற அன்று இந்தப் பக்கம் வரவே இல்லை, பார்க்க மனசு வரவில்லை. அதன் பிறகு மார்ச் ஃபைல்கள் பிடித்துக்கொண்டன.

ஆனால் கொட்டகையின் வாசல் இருந்தது.

புங்க மரத்துக்கு எதிரே, புதுச் சுவரின் கிழக்குப் பக்கத்தில், பழைய பலாமர நிலை கம்பீரமாக நின்றது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலைத் தோரணம் கட்டி, மேலே மல்லிச்சரம் வேறு. எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார்கள். தேன் நிறத்தில் மின்னியது.

ஒரு கணம் இளவரசிக்கு மனசு நிறைந்துபோனது. அடுத்த கணம், பிளானில் இந்தப் பக்கம் வாசலே இல்லை என்பது உறைத்தது.

"அண்ணே! இன்னாண்ணே இது?"

சாரத்தின் நிழலில் டீ குடித்துக்கொண்டிருந்த புகழ்வேந்தன் எழுந்து வந்தார். இவர்கள் இருவருக்கும் கூடப்பிறந்த மூத்தவர். டவுன் கம்பெனி எடுத்த கான்ட்ராக்டில் கட்டுமான வேலையை ஆள் வைத்துச் செய்து கொடுப்பது அவர்தான். முகமெல்லாம் பல்.

"நீ வந்து பாக்கட்டும்னுதான் சொல்லல. எப்படி கீது?"

"வடக்கால வாசல் இருக்கணுமே, அது எங்க?"

"அதான் இங்க வச்சிருக்கேனே."

"வடக்கால?"

"அடைச்சுட்டேன். ஒரு வூட்டுக்கு எத்தினி தலவாசல்டி வைப்ப?"

இளவரசி வடக்குப் பக்கம் ஓடினாள். சாலையைப் பார்த்து அகலமாக வாசல் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் சுவர் ஒழுங்காக, துளி கோணல் இல்லாமல் எழும்பியிருந்தது. அண்ணன் வேலை எப்போதும் சுத்தம்.

"எவன்ண்ணே உன்ன இப்படிச் செய்யச் சொன்னான்?"

"எவன் சொல்லணும்? நம்ம நெலடி அது. இத்தினி வருசம் கெழக்க பாத்து நின்னுது. அத வடக்க திருப்பி வைக்கவா? எந்தக் கொத்தனாரு வைப்பான்? மாசி மகத்துக்கு மறுநாளு நல்ல முகூர்த்தம், வச்சுட்டேன்."

நம்ம நிலை. அதில் பொய் ஒன்றும் இல்லை.

அவர்களுடைய அப்பா பண்ணுருட்டியில் சொல்லிவைத்துச் செய்த நிலை அது. சொந்த வீட்டுக்காக. மாட்டுவண்டியில் வந்து இறங்கிய அதே வாரம் ஊரில் காலேஜ் வருகிறது என்று பேச்சு. யார் யாரோ மூங்கில் கொடுத்தார்கள், குருவிநத்தத்துக்காரர்கள் ஆற்று மணல் அடித்தார்கள். அப்பா நிலையைக் கொடுத்துவிட்டு வந்தார். அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர்கள் வீட்டுக்குக் கடைசிவரை சிமெண்டு நிலைதான்.

"அண்ணே, கேளு. பிளான்ல வாசல் வடக்க. ரோடு வடக்க. நெருப்புப் புடிச்சா வண்டி வர்ற வழி வடக்க. அத நம்பித்தான் வங்கி பணம் தர்றேன்னுது."

"ஒரு வாசலுக்காவ பணத்த நிறுத்துவானா?"

"வாசலுக்காவ இல்லண்ணே. பிளான்ல ஒண்ணு, நேர்ல ஒண்ணுன்னு ஆச்சுன்னா புதுசா பிளான் போடணும். அரசாங்கம் ஒத்துக்கணும், அப்புறம் வங்கி ஒத்துக்கணும். அதுக்குள்ள மார்ச் பூடும். மானியமும் பூடும். மறுபடி தளத்து மேல ஆடு மேயும், வந்து பாரு."

புகழ்வேந்தன் முகம் சுருங்கியது. தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"நான் இன்னாத்தக் கண்டேன்? நல்லதுன்னு வச்சேன்." சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு செய்யலாம். நெலய தார்ப்பாய் போட்டு மூடி, முன்னால சிமெண்டு மூட்டய அடுக்கிடறேன். வடக்க சாரத்த நெருக்கமா நிறுத்துனா அடைச்சது தெரியாது. இன்ஜினியரு மட்டத்தப் பாத்துட்டுப் போயிடட்டும். பணம் வந்தப்புறம் இத பேசிக்கலாம்."

"முடியாது" என்று இளவரசி உடனே சொல்லியிருக்க வேண்டும். அதுதானே நியாயம்? ஆனால் சொல்லவில்லையே! நம் இளவரசியும் மனுஷிதான். அவள் கண் அந்த நிலையின் மேல் இருந்தது.

நிலையின் வலது பக்கக் காலில், இடுப்பு உயரத்தில், மரம் வழவழவென்று தேய்ந்திருந்தது. உள்ளே நுழைகிற பெண்கள் எல்லாம் கை வைத்துத் தாண்டிய இடம். அவள் கையும் அதில் உண்டு. முதல் நாள் பாவாடை தடுக்கி விழப்போனவள் அதைத்தான் பிடித்தாள்.

மழை வந்தால் ஷீட்டின் மேல் அடிக்கிற சத்தத்தில் பாடம் ஒன்றும் கேட்காது. சேவியர் சார் பேசுவதை நிறுத்திவிட்டுக் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதிப்போடுவார். முடித்தவர்கள் எழுந்து நிற்க வேண்டும். கதவோரம் கஸ்தூரிதான் முதலில் நிற்பாள், எப்போதும். சாரல் அடித்து அவள் பின்னலெல்லாம் நனைந்திருக்கும். சார் அவளைப் பார்த்துக் கைதட்டுவார். கைதட்டுகிற சத்தமும் கேட்காது, கை மட்டும் தெரியும்.

அப்பேர்ப்பட்டவள் படிப்பை முடிக்கவில்லை. இரண்டாம் வருஷம் ஐப்பசியில் ஒரு நாள் பாகூர் ஏரி நிரம்பித் தண்ணீர் சாலைக்கு வந்துவிட்டது. பஸ் இல்லை. இளவரசி படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டிருந்தாள், கூட வர ஆளில்லை. காலேஜில் தங்க இடமில்லை. ஒரு சிநேகிதி வீட்டில் கஸ்தூரி ஓர் இரவு தங்கினாள். விடிந்ததும் அண்ணன்தான் இடுப்பளவுத் தண்ணீரில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போய் அழைத்து வந்தார். அதற்குள் ஊர் வாய் திறந்துவிட்டது. அந்தச் சிநேகிதிக்கு ஓர் அண்ணன் இருந்தான், அது போதாதா ஊருக்கு? அப்பா காலேஜை நிறுத்தினார். தையில் குருவிநத்தம் பலராமனோடு கல்யாணம்.

அதனால்தான் இளவரசிக்கு இந்த ஆஸ்டல். இல்லாவிட்டால் ஒரு சூப்பரின்டெண்டென்ட் எதற்காக இத்தனை வருஷம் ஒரே ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள்? சேதராப்பட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம், கடைசி பஸ்ஸுக்காகக் கடைசி வகுப்பை விட்டுவிட்டு அவர்கள் ஓடும்போதெல்லாம், அவளுக்கு நனைந்த ஒரு பின்னல்தான் ஞாபகம் வரும்.

"இன்னாம்மா சொல்ற? தார்ப்பாய் எடுத்தாரச் சொல்லவா?" என்றார் அண்ணன்.

"இரு, யோசிக்கிறேன்."

"இதுல யோசிக்க இன்னா கீது?"

கேட்டது கஸ்தூரி. அதுவரை நிலையைத் தடவிக்கொண்டு நின்றவள் இப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"எடுத்துடுங்க" என்றாள்.

"உனக்காவத்தான்டி வச்சேன்!" என்றார் புகழ்வேந்தன். "நீ பாதியில வுட்டுட்டுப் போன வாசல். ஒரு தபா நீ இதுல நுழையணும்னு இருந்துச்சு எனக்கு. அன்னிக்கு உன்ன சைக்கிள்ள உக்கார வச்சுத் தள்ளிக்கினே கூட்டியாந்தவன் நான்தான? வழி பூரா நீ வாயே தொறக்கல. அது இன்னும் எனக்கு நெஞ்சுலயே நிக்குது."

கஸ்தூரி அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும்ண்ணே. பாத்த உடனே புரிஞ்சுது. ஆனா நல்லா நெனச்சுப் பாரு. அன்னிக்கும் இந்த வாசல் இங்கதான நின்னுது? நல்லாத்தான் நின்னுது. உள்ள ராத்திரிக்குப் படுக்க ஒரு கட்டில் இல்ல. அதான எனக்கு இல்லாமப் போச்சு?"

கலவை போட்டுக்கொண்டிருந்த சித்தாள் காசம்மாள் மண்வெட்டியை அப்படியே ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"கட்டில் வரட்டும்" என்றாள் கஸ்தூரி. "மூட்டய அடுக்கி மறைச்சு வச்சு, நாளைக்குத் தெரிஞ்சுதுன்னா அக்கா பேரு கெடும், உன் பேரு கெடும், ஆஸ்டலும் நின்னு போவும். எடுண்ணே."

இளவரசி தங்கச்சியைப் பார்த்தாள். வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. மழைச் சத்தத்துக்கு நடுவில் முதலில் எழுந்து நின்ற அதே பெண்.

நிலையைச் சும்மா பிடுங்கிவிட முடியாது. அதற்கு ஒரு முறை இருக்கிறது. வைத்த குடும்பத்தவரே சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, முதல் கடப்பாரை போட வேண்டும். காசம்மாள் ஓடிப்போய்த் தேங்காய் வாங்கிவந்தாள். சூடம் காட்டியது இளவரசி. கடப்பாரையை யார் கையில் கொடுப்பது என்று புகழ்வேந்தன் யோசிக்கவே இல்லை. கஸ்தூரி வாங்கி, நிலையின் அடியில் மெள்ள ஒரு குத்துக் குத்தினாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை.

அதன் பிறகு பார்க்க வேண்டுமே! ஒரு கூட்டம் கிழக்கே நிலையைக் கழற்ற, ஒரு கூட்டம் வடக்கே சுவரை இடித்தது. இடித்த செங்கல் கை மாறிக் கை மாறிக் கிழக்கே வந்து, நிலை இருந்த இடத்தை அடைத்தது. இளவரசி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டாள். ஆபீஸ் பியூன் இரண்டு தடவை வந்து, "மேடம், பிரின்சிபல் கூப்பிடறாரு" என்றான். மூன்றாவது தடவை வந்தவனையும் பிடித்து வரிசையில் நிறுத்தினாள்.

லிண்டல் சுவர் முழுக்க ஒரே ஓட்டமாகப் போட்டிருந்ததால் பிழைத்தார்கள். வாசல் எங்கே திறந்தாலும் மேலே தாங்க பீம் இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு யாரும் உட்காரவில்லை. கிழக்கே கடைசி வரிசை ஏறிக்கொண்டிருக்கும்போதே வங்கியின் வண்டி வந்துவிட்டது.

இறங்கியது ஒரு பெண். பெயர் சுகன்யா. இளவரசி ஆணைத்தான் எதிர்பார்த்திருந்தாள். சுகன்யா கையில் பிளானை விரித்துப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தாள். தூணைத் தட்டினாள், மட்டம் பார்த்தாள், வடக்கு வாசலின் அகலத்தை அளந்தாள். புகழ்வேந்தன் பின்னாலேயே, சட்டையெல்லாம் சிமெண்டோடு, கையைக் கட்டிக்கொண்டு போனார்.

கிழக்குச் சுவர் அருகே வந்ததும் சுகன்யா நின்றாள். விரலால் கலவையை அழுத்தினாள். விரல் உள்ளே போனது.

"இங்க மட்டும் இன்னா ஈரமா கீது?"

புகழ்வேந்தன் இளவரசியைப் பார்த்தார். பூச்சு விட்டுப்போச்சு, மழை பெஞ்சுது என்று எதையாவது சொல்லலாம். பங்குனியில் ஏது மழை?

"இங்க ஒரு வாசல் வச்சிருந்தோம் மேடம்" என்றாள் இளவரசி. "பிளான்ல இல்லாதது. காலையிலதான் நான் பாத்தேன். எடுத்துட்டு, வடக்க தொறந்தோம். வச்சவரு என் சொந்த அண்ணன். அதயும் நீங்க எழுதிக்குங்க."

"எதுக்கு வச்சீங்க?"

இளவரசி புங்க மரத்தடியைக் காட்டினாள். நிலை அங்கே படுத்திருந்தது, மல்லிச்சரத்தோடு. அது யார் செய்தது, எங்கே நின்றது, யார் யார் அதில் கை வைத்துத் தாண்டினார்கள் என்று நாலு வார்த்தையில் சொன்னாள்.

சுகன்யா போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனாள். யாரோடோ வெகுநேரம் பேசினாள். நடுநடுவே தலையை ஆட்டினாள். புகழ்வேந்தன் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். காசம்மாள் கட்டைவிரலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தவள் நேராக இளவரசியிடம் வந்தாள்.

"வாசல் மாறியிருந்துச்சு, சரி பண்ணிட்டாங்கன்னு எழுதப் போறேன். மறைக்க மாட்டேன். சுவரு மட்டத்துக்கு வந்துடுச்சு, இன்னிக்குப் பிளான்படி கீது. அதயும் எழுதப் போறேன்."

"பணம்... மேடம்?"

"திங்கக்கிழமை விட்டுடுவாங்க. ஒரு வேள இத மூடி வச்சிருந்தீங்கன்னா இந்த ஜென்மத்துக்கு வந்திருக்காது." பிளானைச் சுருட்டியபடி முதல்முறையாகச் சிரித்தாள். "நானும் ஆஸ்டல்ல இருந்து படிச்சவதான் மேடம். இல்லன்னா எங்க வூட்ல விட்டிருக்க மாட்டாங்க."

வண்டி கிளம்பிப் போனதும் புகழ்வேந்தன் ஹோவென்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், மரத்திலிருந்த காக்கையெல்லாம் பறந்தது. ஆட்கள் அத்தனை பேருக்கும் பிரியாணி வாங்கிவரச் சொல்லி ஆளை அனுப்பினார். இளவரசி முகத்தைக் கழுவிக்கொண்டு, ஆபீசுக்குப் போன் போட்டுச் சேதி சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

வெயில் தாழ்ந்தது. கடைசி பஸ் வரும் நேரம். வகுப்பிலிருந்து நாலைந்து பெண்கள் பையை அணைத்துக்கொண்டு கேட்டை நோக்கி ஓடினார்கள். அடுத்த வருஷம் நீங்கள் ஓட வேண்டாம் என்று கத்திச் சொல்ல வேண்டும்போல இருந்தது இளவரசிக்கு.

கஸ்தூரி புங்க மரத்தடியில் இருந்தாள். படுத்திருந்த நிலையின் மேல், அந்தத் தேய்ந்த இடத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"வா போலாம். உன் புருஷன் வேற மத்தியானத்துலேந்து எனக்கு போன் மேல போன் போடறாரு. நீ ஏன் எடுக்கல?"

கஸ்தூரி மல்லிச்சரத்திலிருந்து ஒரு பூவை உருவினாள்.

"அக்கா, இந்த ஆஸ்டல்ல சேர வயசு வரம்பு எதனா கீதா?"

"வயசு வரம்பு இன்னாடி? காலேஜ்ல சேந்தவங்களுக்கு எடம். யாருக்குக் கேக்குற? வெண்ணிலாவத்தான் கட்டிக் குடுத்தாச்சே."

"எனக்குத்தான்."

இளவரசி சிரித்தாள். தங்கச்சி சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினாள்.

"ஒண்ணர வருசப் படிப்பு பாக்கி கீதுக்கா எனக்கு" என்றாள் கஸ்தூரி. "வெண்ணிலா கல்யாணம் முடியட்டும்னுதான் இருந்தேன். முடிஞ்சுது. அந்த வூட்டுக்கு நான் இனிமே திரும்பிப் போவல."

இளவரசியின் கையில் போன் மறுபடி அடித்தது. பலராமன்தான்.